கிணற்றுக்கு ஒரு கணக்கு நோட்டு

கேள்வி: காரமடைக்குத் தெற்கே எங்களுக்கு ஐந்து ஏக்கர் தோட்டம். மூன்று ஏக்கர் தென்னை, ஏக்கருக்கு 70 மரம். அரை ஏக்கர் வாழை, ஒரு ஏக்கர் கறிவேப்பிலை. மீதியில் வீடு, களம், மாட்டுக்குச் சோளத்தட்டு. தென்னை, வாழை, கறிவேப்பிலை மூன்றுக்கும் சொட்டுநீர் போட்டிருக்கிறோம். 20-க்கு 20 அடியில் ஒரு கிணறு, 650 அடியில் ஒரு போர். மே மாதம் போர் இரண்டு மணி நேரம் ஓடினால் காற்று இழுக்கிறது. கிணறு விடிய விடிய அரை அடி ஊறும். எங்கள் பகுதி சிவப்புப் பட்டியலில் இருக்கிறது என்கிறார்கள். ஆனால் மேக்காலத் தோட்டத்தில் 1,100 அடியில் தண்ணீர் வந்திருக்கிறது. நகையை அடகு வைத்து நாங்களும் போடலாமா? தண்ணீர் கிடைத்தால் கறிவேப்பிலையை எடுத்துவிட்டுப் பாக்கு வைக்க எண்ணம்.

இந்த மே மாதம் முடியும்வரை நகை பீரோவிலேயே இருக்கட்டும் என்பதுதான் சுருக்கமான பதில். போர் போடுவதே தப்பு என்பதற்காக இல்லை. கடிதத்தில் மூன்று தகவல்கள் இருக்கின்றன. ஒன்று சிவப்புப் பட்டியல், இன்னொன்று மேக்காலத் தோட்டத்துத் தண்ணீர், மூன்றாவது மே மாதத்தில் சொந்தக் கிணறு ஊறுகிற அளவு. முதல் இரண்டையும் பெரிதாக எடுத்துக்கொண்டு, மூன்றாவதைப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறார் வாசகர். முடிவெடுக்க உதவப்போவது அந்த மூன்றாவதுதான்.

சிவப்புப் பட்டியல் என்று ஊரில் சொல்லப்படுவது நிலத்தடி நீர் மதிப்பீடு. மத்திய நிலத்தடி நீர் வாரியமும் மாநில நீர்வளத் துறையும் சேர்ந்து இதைச் செய்கின்றன. தமிழ்நாட்டில் 2017, 2020 மதிப்பீடுகள் குறுவட்டம் அதாவது பிர்கா வாரியாக நடந்தன. ஒரு பிர்காவில் ஆண்டுக்கு எவ்வளவு தண்ணீர் நிலத்துக்குள் இறங்குகிறது, அதில் எவ்வளவு வெளியே எடுக்கப்படுகிறது என்பதுதான் கணக்கு. எடுக்கத்தக்க தண்ணீரில் நூற்றுக்கு 70 வரை எடுத்தால் பாதுகாப்பான பிர்கா. 70-க்கு மேல் 90 வரை மித அபாயம், 90-க்கு மேல் 100 வரை அபாயம். நூறைத் தாண்டினால் அதிநுகர்வு. 2017-ல் மாநிலத்தின் 1,166 பிர்காக்களில் 462 அதிநுகர்வில் இருந்தன. 2020-ல் அது 435. ஒரு பிர்கா 120 சதவீதம் என்றால், நூறு ரூபாய் வரவுள்ள வீட்டில் 120 ரூபாய் செலவு நடக்கிறது என்று அர்த்தம். மிச்சம் 20 ரூபாய் பழைய சேமிப்பிலிருந்து போகிறது.

இந்தப் பட்டியல் தேவையானதுதான். ஆனால் இது ஒரு பெரிய பரப்பின் சராசரி. கிணறுகளின் எண்ணிக்கை, பயிர்ப் பரப்பு, மழை, ஆங்காங்கே இருக்கும் கண்காணிப்புக் கிணறுகளின் நீர்மட்டம் ஆகியவற்றை வைத்துப் போடப்படுவது. ஒரு தோட்டத்துக் கிணறு எந்த மாதம் வற்றும் என்று இது சொல்லாது, சொல்வதற்காகச் செய்யப்பட்டதும் அல்ல.

காரமடை ஒன்றியத்தையே எடுத்துக்கொள்ளலாம். நெல்லித்துறை, ஓடந்துறை, தேக்கம்பட்டி ஊராட்சிகள் பவானி ஆற்றை ஒட்டியவை. பெள்ளாதி, காளம்பாளையம், மருதூர் பக்கம் ஆற்றுத் தண்ணீரும் இல்லை, வாய்க்கால் தண்ணீரும் இல்லை. கிணறும் வானமும்தான். 2018-லும் 2024-லும் ஜூலை மாதத்தில் பில்லூர் அணை நிரம்பி, பவானிக் கரையோரத்தில் இருப்பவர்களுக்கு வெள்ள எச்சரிக்கை கொடுத்தார்கள். அந்த மழை மேலே மலையில் பெய்தது. கீழே மேட்டாங்காட்டில் சாரலும் காற்றும்தான். ஒரே ஒன்றியத்தில் ஒரு பக்கம் வெள்ள பயம், இன்னொரு பக்கம் கிணற்றில் ஒரு அங்குலம்கூட ஏறவில்லை. இரண்டுக்கும் சேர்த்து ஒரே நிறத்தைப் பூசினால் யாருக்கு என்ன தெரியும்?

பெரிய நிறுவனங்களுக்கும் இதே சிக்கல் உண்டு. சரக்கு எங்கே விளைகிறது, அங்கே தண்ணீர் நிலவரம் என்ன என்று பார்ப்பதற்காகவே உலக அளவில் வரைபடங்கள் வந்துவிட்டன. உலக இயற்கை நிதியத்தின் 'வாட்டர் ரிஸ்க் ஃபில்டர்' அதில் ஒன்று. அது இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்கிறது. இந்த ஆற்றுப்படுகையின் நிலவரம் என்ன என்பது ஒன்று. இந்தப் படுகையில் உன்னுடைய ஆலை எப்படி இருக்கிறது என்பது மற்றொன்று. வறண்ட படுகையில் கொஞ்சமாகத் தண்ணீர் எடுக்கும் ஆலை தப்பித்துவிடலாம். செழிப்பான படுகையில் ஒரே ஒரு கிணற்றை நம்பி எல்லாவற்றையும் கட்டிவைத்த ஆலை மாட்டிக்கொள்ளலாம். ஐந்து ஏக்கர் தோட்டத்துக்கும் இதே இரண்டு கேள்விகள்தான். முதல் கேள்விக்கு அரசாங்கம் பதில் சொல்கிறது. இரண்டாவதை விவசாயிதான் அளந்து கண்டுபிடிக்க வேண்டும்.

வானத்திலிருந்து வரும் வரவை முதலில் பார்க்கலாம். கோவைப் பகுதியில் ஆண்டுக்கு ஏறக்குறைய 700 மில்லிமீட்டர் மழை. ஒரு ஏக்கரில் 700 மில்லிமீட்டர் பெய்தால் அது 28 லட்சம் லிட்டர். கேட்க நிறைய இருக்கிறது. ஆனால் பெரும்பகுதி ஆவியாகும், செடி குடிக்கும், பள்ளத்தில் ஓடும். இங்கே அடியில் இருப்பது பாறை. இந்த மாதிரிப் பாறை நிலத்தில் பெய்யும் மழையில் நூற்றுக்கு 8 முதல் 11 பங்குதான் நிலத்தடி நீராகச் சேரும் என்பது மதிப்பீட்டு விதிமுறை. பத்துப் பங்கு என்று வைத்தால் ஏக்கருக்கு 2.8 லட்சம் லிட்டர். வாசகரின் ஐந்து ஏக்கருக்கும் சேர்த்து 14 லட்சம் லிட்டர்.

இனி செலவு. தென்னைக்குச் சொட்டுநீரில் பிப்ரவரி முதல் மே வரை மரத்துக்கு நாளொன்றுக்கு 65 லிட்டர், ஜனவரி, ஆகஸ்ட், செப்டம்பரில் 55, மற்ற மாதங்களில் 45 லிட்டர் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. கூட்டினால் மரத்துக்கு ஆண்டுக்கு 20,000 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. 70 மரத்துக்கு 13.8 லட்சம். மூன்று ஏக்கருக்கு 41 லட்சத்துக்கு மேல். அரை ஏக்கர் வாழைக்குச் சுமார் 18 லட்சம். கறிவேப்பிலையை விட்டுவிட்டாலும் 60 லட்சம் லிட்டர் ஆகிறது. மழை நாட்களில் தண்ணீர் விடாததற்குக் கால் பங்கு கழித்தாலும் 45 லட்சம்.

வரவு 14, செலவு 45. அப்படியானால் மிச்சத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? அக்கம்பக்கத்துக் காடுகளிலிருந்து. கொங்குப் பகுதியில் கிணற்றுப் பாசனம் உள்ளதைத் தோட்டம் என்றும், மழையை நம்பியதைக் காடு என்றும் சொல்வது சும்மா வந்த வழக்கம் அல்ல. ஒரு ஏக்கர் தோட்டத்தைச் சுற்றி நாலைந்து ஏக்கர் காடு கிடந்தது. காட்டில் இறங்கிய தண்ணீரைத் தோட்டத்துக் கிணறு குடித்தது. சோளமும் கொள்ளும் விதைத்த காடுகள் இன்று தோட்டமாகிவிட்டன, அல்லது சைட் போட்டு வீடாகிவிட்டன. ஒரு ஏக்கர் தென்னைக்கு ஐந்து ஏக்கர் நிலத்தில் இறங்கும் தண்ணீர் வேண்டியிருக்கும்போது, அந்த ஐந்து ஏக்கரிலும் தென்னையே நின்றால் பட்டியல் சிவக்காமல் என்ன செய்யும்?

இது ஊர்க் கணக்கு. சொந்தக் கணக்குக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு, ஒரு கடிகாரம், ஒரு 200 லிட்டர் டிரம், முடிச்சுப் போட்ட கயிறு, கொஞ்சம் பெயின்ட் போதும்.

கிணற்றின் உட்சுவரில் மேலிருந்து கீழே அடிக்கு ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும். சுவர் இடிந்த கிணறாக இருந்தால் அந்த வேலை வேண்டாம். கனமான கல்லைக் கட்டி, அடிக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிறு போதும். அளக்க வேண்டிய நேரம் விடிகாலை, மோட்டார் போடுவதற்கு முன்பு. மோட்டார் ஓடி நின்ற பிறகு அளந்தால் ஒவ்வொரு நாளும் ஒரு கதை சொல்லும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை எழுதினால் போதும், தவறாமல் எழுத வேண்டும். அமாவாசை, பௌர்ணமி என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

அடுத்தது ஊற்றுக் கணக்கு. மாலையில் மோட்டாரை நிறுத்தியதும் ஒரு அளவு, விடிந்ததும் ஒரு அளவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் இரவில் ஊறிய தண்ணீர். 20-க்கு 20 அடிக் கிணற்றில் ஒரு அடி தண்ணீர் என்பது 400 கன அடி, அதாவது சுமார் 11,300 லிட்டர். 30-க்கு 30 அடிக் கிணறு என்றால் ஒரு அடிக்கு 25,000 லிட்டரைத் தாண்டும். தண்ணீர் மட்டம் ஏற ஏற ஊற்றின் வேகம் குறையும் என்பதால், கிணறு நன்றாக இறைபட்டிருக்கும் நாளில் அளப்பதுதான் சரியான அளவு.

போரில் கயிறு விட வழியில்லை. மோட்டாரைப் போட்டதும் 200 லிட்டர் டிரம் எத்தனை விநாடியில் நிரம்புகிறது என்று பார்த்து, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். மூன்று நிமிடத்தில் நிரம்பினால் மணிக்கு 4,000 லிட்டர். முதல் டிரம்முக்கும் இரண்டாவது டிரம்முக்கும் இடையே நேரம் அதிகம் கூடினால் அந்தப் போர் சேமிப்பைத்தான் தருகிறது, ஊற்றைத் தரவில்லை. எத்தனை நிமிடத்தில் காற்று இழுக்கிறது என்பதையும் தேதியோடு எழுத வேண்டும். போர் போட்ட அன்று "ரெண்டு இஞ்ச் தண்ணி" என்று சொன்னது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். போன வருஷம் மே மாதம் எத்தனை நிமிடம் ஓடியது என்று கேட்டால் பத்துப் பேரில் ஒருவருக்குத்தான் தெரியும். பாசன மின்சாரத்துக்குக் கட்டணம் இல்லாததால் மாதாமாதம் எச்சரிக்கிற பில்லும் வருவதில்லை.

மழையையும் வீட்டிலேயே அளக்கலாம். அடியும் வாயும் ஒரே அகலமுள்ள நேரான தகர டப்பாவைக் கூரை, மரம் மறைக்காத இடத்தில் வைத்து, காலை எட்டரை மணிக்கு ஸ்கேல் விட்டுப் பார்த்தால் போதும். ஒரு சென்டிமீட்டர் நின்றால் பத்து மில்லிமீட்டர். ஒரு உழவு மழை என்று பெரியவர்கள் சொல்லும் அளவு தங்கள் மண்ணில் எத்தனை மில்லிமீட்டர் என்று ஒரே ஆண்டில் பிடிபட்டுவிடும்.

எழுதியதைப் படிக்கத் தெரிய வேண்டுமே, அதுதான் முக்கியம். நோட்டில் இரண்டு மாதங்கள் பெரியவை. ஜனவரி, வடகிழக்குப் பருவமழை முடிந்து கிணறு நிரம்பி நிற்கும் மாதம். மே, அடிமட்டத்துக்குப் போகும் மாதம். மே மாதம் மட்டம் இறங்குவதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. ஜனவரியில் 25 அடியில் இருந்த தண்ணீர் மே மாதம் 60 அடிக்குப் போய், அடுத்த ஜனவரியில் மறுபடி 25-க்கு வந்துவிட்டால் அந்தக் கிணறு நன்றாகத்தான் இருக்கிறது. பயப்பட வேண்டியது ஜனவரி மட்டம் ஆண்டுக்கு ஆண்டு இறங்குவதற்கு. மழை வழக்கம்போல் பெய்தும் ஜனவரியில் 25, அடுத்த ஜனவரியில் 29, அதற்கடுத்து 34 என்று போனால், வரவைவிடச் செலவு கூடிவிட்டது. மே மாதக் கிணற்றைப் பார்த்துப் பதறிப்போய்ப் போர் வண்டிக்குப் போன் செய்பவர்கள், ஜனவரியில் நிரம்பிய கிணற்றைப் பார்த்துக் கூடுதலாக வாழை நடுகிறார்கள். இரண்டும் மாறி நடக்க வேண்டியவை.

சராசரி ஆண்டைப் பார்ப்பது மட்டும் போதாது. 2016-ல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 60 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்தது. கோவை, திருப்பூர் மாவட்டங்களில் காய்ந்து நின்ற தென்னைகளைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. வாசகர் நோட்டில் முதல் பக்கத்தில் எழுத வேண்டியது இதைத்தான்: 2017 மே மாதம் தங்கள் கிணறு எத்தனை அடியில் இருந்தது, எத்தனை நாள் வற்றிக் கிடந்தது, எத்தனை மரம் போயிற்று, எத்தனை லாரித் தண்ணீர் வாங்கினார்கள். நோட்டு இல்லாவிட்டாலும் வீட்டில் யாருக்காவது ஞாபகம் இருக்கும். பெண்களைக் கேட்டால் சரியான பதில் வரும், குடத்தோடு நின்றவர்கள் அவர்கள்தான்.

இப்போது வாசகரின் தோட்டத்துக்கு வரலாம். கிணறு இரவில் அரை அடி ஊறுகிறது. ஒரு நாளைக்கு ஒரு அடி என்று தாராளமாக வைத்தால் 11,300 லிட்டர். போர் இரண்டு மணி நேரம், மணிக்கு 4,000 லிட்டர் என்று வைத்தால் 8,000. ஆக மொத்தம் 19,300 லிட்டர். டிரம் வைத்துப் பார்த்தால் போரின் உண்மையான அளவு தெரியும், அதற்கேற்ப இந்தக் கணக்கை மாற்றிக்கொள்ளலாம். மே மாதத் தேவை, 210 தென்னைக்கு 13,650, வாழை 500 மரத்துக்கு 15 லிட்டர் வீதம் 7,500. மொத்தம் 21,150 லிட்டர். கறிவேப்பிலைக்கு ஒரு சொட்டுகூட இன்னும் விடவில்லை, அதற்குள் 1,850 லிட்டர் துண்டு விழுகிறது. இது மழை ஒழுங்காகப் பெய்த ஆண்டின் மே மாதம்.

2017 போல ஒரு மே வந்து, ஊற்று பாதியாகிறது என்று வைத்துக்கொண்டால் கையில் 9,600 லிட்டர். ஒரு ஏக்கர் தென்னைக்கு நாளொன்றுக்கு 4,550 லிட்டர். ஆக, மோசமான ஆண்டிலும் இந்தத் தோட்டம் தாங்கக்கூடிய தென்னை இரண்டு ஏக்கர். மூன்றாவது ஏக்கர் நல்ல மழையின் கையில் நிற்கிறது. நான்காவதாகப் பாக்கு வைப்பது அதற்கு மேல் ஒரு பாரம். பாக்குக்கு வேர் மேலாக ஓடும், வெயில் தாங்காது, கோடையில் தண்ணீர் தவறக் கூடாது. தென்னையாவது பாதித் தண்ணீரில் உயிரைப் பிடித்துக்கொண்டு நிற்கும், குரும்பை கொட்டி இரண்டு மூன்று ஆண்டுக் காய்ப்பில் அதன் அடி தெரியும். பாக்கு அதுவும் செய்யாது.

மாறாக, எடுத்துவிடலாம் என்று அவர் நினைக்கும் கறிவேப்பிலைதான் தோட்டத்தில் வளைந்துகொடுக்கிற பயிர். தண்ணீர் இல்லாத மாதங்களில் வெட்டிவிட்டு வாட விடலாம், மழை வந்ததும் துளிர்க்கும். காரமடைப் பக்கம் அதற்கு வியாபாரிகளும் இருக்கிறார்கள். வாழையும் ஓராண்டுப் பயிர் என்பதால், ஜனவரி மட்டத்தைப் பார்த்து நடலாம் அல்லது அந்த ஆண்டு விட்டுவிடலாம். பல ஆண்டு நிற்கிற மரத்தை மோசமான ஆண்டின் தண்ணீருக்குள் அடக்கிவிட்டு, ஓராண்டுப் பயிரை அந்தந்த ஆண்டின் தண்ணீருக்கு வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. மூன்றாவது ஏக்கர் தென்னையை வெட்டச் சொல்லவில்லை. அதில் காய்ப்பு நின்ற, வயதான மரம் போனால் அந்த இடத்தில் மறுபடி தென்னங்கன்று வைக்காமல் இருந்தால் போதும். தண்ணீர் குறைகிற மாதத்தில் கடைசியாகத் தண்ணீர் பெறும் ஏக்கர் எது என்று வீட்டில் இப்போதே பேசி முடிவு செய்துவிட வேண்டும். வட்டப்பாத்தியில் மட்டையும் தென்னை நார்க்கழிவும் மூடாக்காகப் போடுவதை நவம்பரிலேயே செய்ய வேண்டும், மண் காய்ந்தபின் போடுவதில் பாதிப் பயன்தான்.

1,100 அடிப் போர் என்ன தரும்? பாறை நிலத்தில் தண்ணீர் இருப்பது மேலே உள்ள மக்கிய பாறையிலும், அதற்குக் கீழே விரிசல்களிலும். ஆழம் போகப் போக விரிசல் குறையும், இருப்பதும் இறுகிக் கிடக்கும். மேக்காலத் தோட்டத்தில் அகப்பட்ட விரிசல் நூறு அடி தள்ளி இல்லாமல் போகலாம். அகப்பட்டாலும் அது நீண்ட காலம் தேங்கிய தண்ணீராக இருந்தால் முதல் ஆண்டு பொங்கும், இரண்டாம் மூன்றாம் ஆண்டில் மெலியும். நிரம்புவதற்கு மேலே இருந்து இறங்க வேண்டிய தண்ணீர் அதே 2.8 லட்சம்தானே. மேக்காலத் தோட்டத்துக்காரரிடம் எத்தனை இஞ்ச் வந்தது என்று கேட்பதைவிட, அடுத்த மே மாதம் அவர் போர் எத்தனை நிமிடம் ஓடுகிறது என்று கேட்டுக்கொள்வது நல்லது. அந்த ஓராண்டுப் பொறுமைக்குச் செலவு இல்லை.

அதற்குப் பிறகும் போட்டே ஆக வேண்டும் என்றால், தேங்காயும் கவைக்குச்சியும் வைத்துப் பார்ப்பவரோடு நிறுத்தாமல், வேளாண்மைப் பொறியியல் துறையில் கட்டணம் செலுத்தி மின்தடை ஆய்வு செய்து பார்க்கலாம். தண்ணீர் வராத போரை அன்றைக்கே மூடிவிட வேண்டும். கைவிட்ட ஆழ்துளைக் கிணறுகளை எப்படி மூட வேண்டும் என்று 2010-லேயே உச்ச நீதிமன்றம் வழிமுறை கொடுத்திருக்கிறது. சாக்கு போட்டு மூடுவது அதில் இல்லை.

அளவு மட்டும் பார்த்தால் போதாது, தரமும் பார்க்க வேண்டும். நொய்யலில் 1992-ல் முடிந்த ஒரத்துப்பாளையம் அணையைக் கொங்குப் பகுதியில் எல்லோரும் அறிவார்கள். தண்ணீர் இருந்தது, சாயக்கழிவு சேர்ந்ததால் பாசனத்துக்கு விட முடியவில்லை. விவசாயிகளே தண்ணீர் விடாதீர்கள் என்று கேட்கும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிடும் அளவுக்குப் போயிற்று. அது பெரிய கதை. தோட்ட அளவில் நடப்பது சின்னது. ஆழப் போரில் உப்பு கூடுவது உண்டு. மண் பரிசோதனை நிலையத்தில் தண்ணீரைக் கொடுத்தால் மின்கடத்துத் திறன் என்று ஒரு எண் வரும். 0.75-க்குள் இருந்தால் கவலையில்லை. 2.25-ஐத் தாண்டினால் தென்னை ஓரளவு தாங்கும், வாழை இலை ஓரம் கருகும், சொட்டுநீர்க் குழாயின் வாயில் வெள்ளையாகப் படிந்து அடைக்கும். ஆண்டுக்கு ஒருமுறை, அதுவும் மே மாதத் தண்ணீரைப் பரிசோதிக்க வேண்டும். மழை முடிந்ததும் எடுத்த தண்ணீர் எப்போதும் நல்ல பிள்ளை.

சொட்டுநீர் பற்றி ஒரு வார்த்தை. சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீத மானியம், மற்றவர்களுக்கு 75 சதவீதம். வாங்காதவர்கள் வாங்க வேண்டும். ஆனால் சொட்டுநீரில் மிச்சமான தண்ணீருக்கு இன்னொரு ஏக்கர் நட்டுவிட்டால் கிணற்றுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. முன்பு பாத்தியில் விட்ட தண்ணீரில் கொஞ்சமாவது கீழே இறங்கி மறுபடி கிணற்றுக்கு வந்தது, இப்போது அதுவும் இல்லை. காரமடையிலிருந்து அன்னூர் வரை பல தோட்டங்களில் நடந்திருப்பது இதுதான். கருவி நல்லது, கணக்கு இல்லாமல் வந்துவிட்டது.

தனி ஒருவர் நோட்டு எழுதி என்ன ஆகும், பக்கத்துத் தோட்டம் உறிஞ்சிவிடுமே என்ற கேள்வி நியாயமானது. ஆந்திராவில் ஏழு வறண்ட மாவட்டங்களில், 2000-க்குப் பின் வந்த பத்தாண்டில், ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் உதவியோடு விவசாயிகளே நிலத்தடி நீரை அளந்தார்கள். மழையை அவர்களே குறித்தார்கள், கிணறுகளைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை அளந்து ஊர்ப் பலகையில் எழுதினார்கள். மழை முடிந்ததும் ஊர் கூடி, இந்த ஆண்டு இவ்வளவு தண்ணீர், நடப்போகும் பயிருக்கு இவ்வளவு வேண்டும் என்று கூட்டிக் கழித்துப் பார்த்தார்கள். எதை நட வேண்டும் என்று யாரும் உத்தரவு போடவில்லை. எண்ணைப் பார்த்த பிறகு நெல்லைக் குறைத்தவர்கள் நிறையப் பேர். மராட்டியத்தில் ஹிவ்ரே பஜார் கிராமம் இன்னும் கண்டிப்பு. அங்கே பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறே கூடாது என்று ஊர்க் கட்டுப்பாடு.

காரமடையில் ஊரே கூட வேண்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. ஒரே பள்ளத்தை ஒட்டிய ஐந்தாறு தோட்டத்துக்காரர்கள் ஒரே நாளில் அளந்து ஒரு வாட்ஸ்அப் குழுவில் போட்டால் போதும். விவேகானந்தபுரத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையம் பக்கத்தில்தான் இருக்கிறது, அந்த எண்களோடு போனால் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

கேள்வி: அன்னூர் பக்கம் எங்கள் ஊர்க் குளத்துக்கு அத்திக்கடவு–அவினாசித் திட்டத்தில் தண்ணீர் வருகிறது. இனி கிணறு வற்றாது என்று கடன் வாங்கி வாழையைக் கூட்டலாமா?

2024 ஆகஸ்ட் 17-ல் தொடங்கிவைக்கப்பட்ட இந்தத் திட்டம் பவானியில் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழிருந்து ஆண்டுக்கு 1.5 டி.எம்.சி. தண்ணீரை ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களின் 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுவருகிறது. ஆறாவது நிலையம் அன்னூரில்தான். தலைமுறைகளாகக் கேட்டுக் கிடைத்த தண்ணீர் இது. சராசரியாகப் பிரித்தால் ஒரு குளத்துக்கு நாலு கோடி லிட்டர். அதில் ஒரு பங்கு வெயிலில் போகும், மீதி கீழே இறங்கும்.

ஆனால் எடுப்பது உபரி நீர். விநாடிக்கு 250 கன அடி வீதம் 70 நாள் என்பது திட்டம். அணைக்கட்டைத் தாண்டி உபரி ஓடினால்தான் அந்த 70 நாளும் உண்டு. 2016 போல ஒரு ஆண்டில் பவானியில் உபரி எதிர்பார்க்க முடியாது. ஆக, நல்ல ஆண்டை இந்தத் தண்ணீர் இன்னும் நல்லதாக்கும், பழைய சேமிப்பைக் கொஞ்சம் நிரப்பும். மோசமான ஆண்டின் மே மாதத்துக்கு அது உத்தரவாதம் இல்லை.

குளத்தை ஒட்டிய கிணறு ஒன்றையும், ஒரு கிலோமீட்டர் தள்ளிய கிணறு ஒன்றையும், குளத்துக்குத் தண்ணீர் வருவதற்கு முன்னும் வந்த ஒரு மாதம் கழித்தும் அளந்து பார்க்க வேண்டும். தங்கள் கிணறு எந்தப் பக்கம் சேர்கிறது என்று தெரிந்துவிடும். இரண்டு ஜனவரி மட்டங்கள் ஏறினால் அரை ஏக்கர் வாழை நட்டுப் பார்க்கலாம், சொந்தக் காசில்.